கடலூர் ரோட்டில் ஒரு காலி லேன்

ஹுப்பள்ளிக்கும் தார்வாடுக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர். பாண்டிக்கும் கடலூருக்கும் இடையே கிட்டத்தட்ட அதே தூரம்தான். அங்கேயும் இரண்டு ஊர், ஒரே ரோடு. நடுவில் காலேஜ், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எல்லாம். காலையில் பாதி ஜனம் இந்தப் பக்கம் போகும், பாதி ஜனம் அந்தப் பக்கம் போகும். ஒரே ஒரு வித்தியாசம். அந்த ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் தனி லேன் இருக்கு. நம்ம ரோட்டில் பஸ், லாரி, டெம்போ, ஸ்கூட்டி, மாட்டு வண்டி எல்லாத்துக்கும் ஒரே லேன்.

அந்தத் தனி லேன் ஏற்பாட்டுக்குப் பேர் பஸ் ரேபிட் ட்ரான்சிட், சுருக்கமா பி.ஆர்.டி. போக்குவரத்துப் பொறியியல் பாடத்தில் ரெண்டு பக்கம் வரும். பரீட்சைக்கு "நன்மைகள் ஐந்து எழுதுக" என்று கேட்பாங்க. இந்தக் கட்டுரை அந்த ஐந்து நன்மைகளைப் பற்றியது இல்லை. பூரணாங்குப்பத்திலிருந்தோ தவளக்குப்பத்திலிருந்தோ கிருமாம்பாக்கத்திலிருந்தோ தினமும் பஸ் ஏறுகிற ஒருத்தருக்கு இந்தத் தனி லேன் நிஜமாவே எத்தனை நிமிஷம் மிச்சம் பண்ணித் தரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் போதும்.

முதல்ல, எது பி.ஆர்.டி., எது இல்லை என்று தெரிஞ்சுக்கணும். ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து "பஸ்" என்று எழுதிட்டா அது பி.ஆர்.டி. ஆகாது. உலக அளவில் பயன்படுத்துற பி.ஆர்.டி. தரநிலை ஐந்து விஷயங்களை அடிப்படையாக வைக்கிறது. தனிப் பாதை, அந்தப் பாதை ரோட்டின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் ஓடுவது, பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே டிக்கெட், சந்திப்புகளில் பஸ்ஸுக்கு வழி, பிளாட்பாரமும் பஸ் தளமும் ஒரே உயரம். ஏன் நடுவில்? ஓரத்தில் போட்டா ஒரே நாளில் அது ஆட்டோ ஸ்டாண்டு ஆகிடும். கடைக்கு முன்னாடி வண்டி நிறுத்துவாங்க, இளநீர் வண்டி வரும், இடது பக்கம் திரும்புற எல்லா வண்டியும் குறுக்கே வெட்டும். நடுவில் போட்டா அந்தத் தொல்லை இல்லை. ஆனா பயணி ரோட்டைக் கடந்துதான் ஸ்டேஷனுக்குப் போகணும். ஒரு தொல்லைக்குப் பதில் இன்னொண்ணு.

இந்த யோசனையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது பிரேசிலின் குரிடிபா நகரம், 1974ல். அப்போது மேயராக இருந்த ஜைமே லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். மெட்ரோ கட்டப் பணம் இல்லை. அதனால் மெட்ரோவின் நல்ல குணங்களைப் பஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். 2000ல் கொலம்பியாவின் பொகோட்டா டிரான்ஸ்மிலேனியோவைத் தொடங்கியது. அதன் நெரிசலான பாதையில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 40,000 பேருக்கு மேல் போகிறார்கள். பல மெட்ரோ ரயில்களே அவ்வளவு ஏற்றுவதில்லை. 2004ல் ஜகார்த்தா, 2007ல் இஸ்தான்புல், நம்ம நாட்டில் 2006ல் புனே, 2008ல் டில்லி, 2009ல் அகமதாபாத். சென்னையில் திட்டம் பல வருஷமா பேச்சிலேயே இருந்தது, ரோட்டுக்கு வரவே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

லேனில் என்ன ஓடுது, யார் போறாங்க

ஒரு சிக்னல் சந்திப்பை எடுத்துக்கோங்க. பச்சை விளக்கு நிற்காம எரிஞ்சா ஒரு லேனில் மணிக்குச் சுமார் 1800 கார் அளவுக்கு வண்டி போகும். இதைத்தான் பி.சி.யு. கணக்கு என்கிறோம். பாதி நேரம் சிவப்பு என்றால் 900. ஒரு காரில் சராசரி ஒன்றரை பேர் என்று வைத்தால் 1350 பேர். இதுதான் எல்லாக் கட்டுரையிலும் வர்ற எண், "பாருங்கள், பஸ் எவ்வளவு மேல்!" என்று அங்கேயே முடிச்சிடுவாங்க.

ஆனா நம்ம ஊர் கார் ஊரா? பாண்டி டூ வீலர் ஊர். ஒரு டூ வீலரை 0.5 பி.சி.யு. என்று வையுங்க. ஐ.ஆர்.சி. 106 டூ வீலர் பங்கு அதிகமானால் 0.75 எடுக்கச் சொல்லும். ஆனா மரப்பாலம் சிக்னலில் அவங்க சந்துல நுழைஞ்சு முன்னாடி வந்து நிற்கிற அழகைப் பார்த்தால் 0.5 கூட தாராளம்னு தோணும். 900 பி.சி.யு.வில் 1800 டூ வீலர். தலைக்கு ஒன்றரை பேர் என்றால் 2700 பேர்! கார் லேனைவிட இரண்டு மடங்கு. அதாவது ஸ்கூட்டி ஓட்டுற உங்க அக்கா இடத்தை வீணடிக்கவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற வாதம் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

பாதி இடத்தில் கார், பாதி இடத்தில் டூ வீலர் என்று கலந்து வைத்தால்: 450 காரில் 675 பேர், 900 டூ வீலரில் 1350 பேர், மொத்தம் 2025. அந்த லேனை எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுக்கணும்னா, பஸ் குறைந்தது அதே 2025 பேரையாவது கொண்டு போகணும். இல்லாட்டி நாம ரோட்டின் கொள்ளளவைக் குறைச்சிட்டோம்னு அர்த்தம். ஒரு பஸ்ஸில் பீக் நேரத்தில் 60 பேர் என்றால், மணிக்கு 34 பஸ். ஒன்றே முக்கால் நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

இந்த 34ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இப்போ ஒரு வேடிக்கை. ஒரு பஸ் நீளம் 12 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். ரோட்டில் நீங்க நிற்கிற புள்ளியை ஒரு பஸ் தாண்ட 1.2 வினாடி ஆகும். 34 பஸ் தாண்ட 41 வினாடி. ஒரு மணி நேரத்தில் மிச்சம் 3559 வினாடி அந்த லேன் காலியா கிடக்கும். பக்கத்து லேனில் நெரிசலில் நிற்கிறவர் என்ன பார்ப்பார்? காலி லேனைத்தான் பார்ப்பார். "யாருக்கும் உபயோகம் இல்லாம ஒரு லேனை அடைச்சு வெச்சிருக்காங்க" என்று கோபம் வரும். அவர் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. ஆனா அந்தக் காலி லேன் அவருடைய நிரம்பிய லேனுக்குச் சமமான ஆட்களைக் கடத்திக்கிட்டு இருக்கு. நாம வண்டியைத்தான் பார்க்கிறோம், ஆளை எண்ணுவதில்லை.

டில்லியில் இந்தச் சண்டை கோர்ட்டு வரைக்கும் போச்சு. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர், 2008ல் திறந்தது. கார்காரர்கள் கொதிச்சாங்க. பஸ் லேனை எல்லா வண்டிக்கும் திறந்து விடணும் என்று பொதுநல வழக்கு. 2012 அக்டோபரில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் லேன் பிழைக்கவில்லை. 2015ல் அரசு கைவிட முடிவு செய்தது, 2016ல் இடித்தார்கள். போபாலில் 2013ல் திறந்த 24 கிலோமீட்டர் பாதையை 2024 ஜனவரியிலிருந்து இடித்தார்கள். இந்தூரில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வந்த பாதையை அகற்ற 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. பி.ஆர்.டி.யைப் புகழ்ந்து பேசுறவங்க இந்த மூணு ஊரையும் தாண்டிக் குதிச்சுப் போயிடுவாங்க. நாம அப்படிப் போக வேண்டாம், ஏன்னா பாடமே அங்கேதான் இருக்கு.

சந்திப்பில்தான் எல்லாம் போச்சு

டில்லி பாதையில் பெரிய கெட்ட பேர் வாங்கியது சிராக் டில்லி சந்திப்பு. நேர் ரோட்டில் பஸ்ஸுக்கும் காருக்கும் சண்டை இல்லை. சந்திப்பில்தான் சண்டை. பஸ் லேன் நடுவில் ஓடுது. அதற்கு இடது பக்கம் ஓடுகிற கார் வலது பக்கம் திரும்பணும். இரண்டு பாதையும் வெட்டிக்கும். அதனால் தனியா ஒரு பச்சை வேணும். நாலு கட்டமா இருந்த சிக்னல் ஆறு கட்டம் ஆகும். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் கிளம்பவும் காலி ஆகவும் நாலைந்து வினாடி வீணாகும். அந்த வீணை ஈடுகட்ட சுழற்சியை நீட்டுவாங்க. நீட்டினா என்ன ஆகும்?

சின்ன சூத்திரம் இருக்கு. நீங்க சிவப்பில் வந்து மாட்டுவதற்கான வாய்ப்பு, சிவப்பு நேரம் வகுத்தல் சுழற்சி நேரம். மாட்டினா சராசரியா சிவப்பில் பாதி நேரம் நிற்பீங்க. இரண்டையும் பெருக்கினா சராசரிக் காத்திருப்பு. சுழற்சி 120 வினாடி, சிவப்பு 90 என்றால் கிட்டத்தட்ட 34 வினாடி. சுழற்சி 240, சிவப்பு 180 என்றால் 67.5 வினாடி. பச்சையின் பங்கு இரண்டிலும் ஒரே கால்வாசிதான், காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு. இது வரிசை நிற்காத நல்ல நாளின் கணக்கு. வரிசை சேர்ந்தால் இன்னும் மோசம். காரும் நிற்கும், பஸ்ஸும் நிற்கும். தனி லேன் போட்டும் பஸ் சிவப்பில் நின்னா அந்த லேனுக்கு என்ன அர்த்தம்?

தீர்வு உண்டு. சில வலது திருப்பங்களை மூடிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் யு திருப்பம் எடுக்க விடலாம். கட்டங்கள் குறையும், சுழற்சி குறையும். ஆனா திருப்பத்தை மூடினா கடைக்காரர்கள் மறியல் பண்ணுவாங்க. இதுக்கு சூத்திரம் கிடையாது.

பஸ் எங்கே நேரத்தை இழக்குது

இப்போ 22 கிலோமீட்டரைப் பிரிச்சுப் பார்ப்போம். கீழே வர்றதெல்லாம் நானா எடுத்துக்கிட்ட எண்கள். உங்களுக்கு ஒப்பலைன்னா உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. நிற்காமல் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் 33 நிமிஷம். கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டாப் என்று 22 ஸ்டாப். வேகம் குறைச்சு நின்னு மறுபடி வேகம் எடுக்க ஒவ்வொன்றிலும் 15 வினாடி போனால் 5.5 நிமிஷம். ஸ்டாப்பில் நின்னு ஆள் ஏத்தி இறக்க 30 வினாடி, ஆக 11 நிமிஷம். சிக்னல்களில் 6 நிமிஷம். நெரிசலில் 10 நிமிஷம். கூட்டினால் ஒரு மணி ஐந்து நிமிஷம்.

தனி லேன் காப்பாற்றுவது அந்தக் கடைசி 10 நிமிஷத்தை மட்டும்தான். ஸ்டாப்பில் போற 11 நிமிஷத்தை அது தொடவே தொடாது. அதைத் தொடுவது பிளாட்பாரம். நம்ம பஸ்ஸில் மூணு படி ஏறணும். பாட்டி ஒருத்தங்க பையோட ஏறுவாங்க, அவங்க பின்னாடி ஒரு அம்மா குழந்தையோட. வாசலிலேயே நாலு பேர் தொங்குவாங்க, அவங்க இறங்கி வழி விட்டு மறுபடி ஏறணும். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்துவார். அடுத்த ஸ்டேஜுக்குள்ள டிக்கெட் போட்டு முடிக்கலைன்னா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் போடுவார். அதே பஸ் தளமும் பிளாட்பாரமும் ஒரே உயரமா இருந்து, டிக்கெட் ஸ்டேஷனிலேயே வாங்கியிருந்து, அகலமான இரண்டு கதவு திறந்தால் 12 வினாடி போதும். 22 ஸ்டாப்புக்கு 4.4 நிமிஷம். மிச்சம் ஆறரை நிமிஷத்துக்கு மேல், ஒரு அடி நிலம் கையகப்படுத்தாமல். என்னைக் கேட்டா பி.ஆர்.டி.யில் லேனைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்தப் பிளாட்பாரம்தான். ஆனா போட்டோவில் லேன்தான் நல்லா விழும்.

பெரிய கூட்டத்தில் ஸ்டேஷனே குறுகிய வாய் ஆகிடும். ஒரு பஸ் நிற்க 30 வினாடி, அது விலகி அடுத்தது வந்து நிற்க 15 வினாடி என்றால், ஒரு நிறுத்துமிடத்தில் மணிக்கு அதிகபட்சம் 80 பஸ். எல்லாம் கச்சிதமா வரிசையில் வந்தால்தான் அதுவும்; நடைமுறையில் 50 வந்தால் பெரிய விஷயம். பொகோட்டாவில் 160 பேர் ஏறுகிற நீளப் பஸ்ஸில் 40,000 பேர் போகணும்னா மணிக்கு 250 பஸ் வேணும், 14 வினாடிக்கு ஒண்ணு. அதனால்தான் அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பல நிறுத்துமிடம், நிற்கிற பஸ்ஸைத் தாண்டிப் போக இன்னொரு லேன். ஹுப்பள்ளி-தார்வாடிலும் இந்தத் தாண்டு லேன் உண்டு. அதனால் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற வண்டியும் எக்ஸ்பிரஸ் வண்டியும் ஒரே பாதையில் ஓட முடியுது.

காத்திருக்கிற நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் நீங்க சராசரியா ஐந்து நிமிஷம் நிற்பீங்க. ஆனா நடக்கிறது என்ன? இருபது நிமிஷம் ஒண்ணும் வராது, அப்புறம் ரெண்டு சேர்ந்து வரும். மணிக்கு ஆறு பஸ் என்கிற கணக்கு அப்படியேதான் இருக்கு, காத்திருப்பு மட்டும் பத்து நிமிஷம் ஆகிடுது. முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானா அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்திருக்கும்; ஏத்த நேரம் ஆகும்; இன்னும் தாமதமாகும். பின்னால் வர்ற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது ஓடி வந்து ஒட்டிக்கும். முன்னது நெரியும், பின்னது காலியா வரும். நாம முன்னதில்தான் தொத்துவோம், முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் போயிடும் என்கிற பயத்தில். தனி லேனின் நிஜமான லாபம் இங்கேதான் கொஞ்சம் தெரியும். அது பஸ்ஸை வேகமாக்குவதைவிட ஒழுங்காக்கும். நெரிசலில் போற நேரம் இன்னிக்கு 10, நாளைக்கு 25 என்று மாறாது. "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்" என்று சொல்ல முடியும். தினமும் போற ஆளுக்கு அது நாலு நிமிஷம் மிச்சமாவதைவிடப் பெரிசு.

ஹுப்பள்ளியில் என்ன செய்தாங்க

உலக வங்கி உதவியோட நடந்த திட்டம். ரோட்டை அகலப்படுத்த இரண்டு பக்கமும் நிலம் எடுத்தாங்க, கடைகள் போச்சு, பல வருஷம் ரோடே தோண்டிக் கிடந்தது. 2018 அக்டோபரில் சோதனை ஓட்டம். 2020 பிப்ரவரியில் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு முறைப்படி தொடங்கி வைத்தார். பஸ்ஸுக்குப் பேர் "சிகரி", கன்னடத்தில் மான். ஏ.சி. வண்டி. பி.வி.பி. காலேஜுக்கும் ஸ்டேஷன் உண்டு. மாணவர் கூட்டம் அதில் நிறைய.

இரண்டு விஷயம் நமக்குத் தேவை. முதலாவது, தனிப் பாதை ஹுப்பள்ளியின் ஹோசூர் சர்க்கிள் பக்கத்திலிருந்து தார்வாடின் ஜூபிலி சர்க்கிள் வரை. அதற்கப்புறம் ஹுப்பள்ளிப் பழைய நகரத்துக்குள் பஸ் மற்ற வண்டிகளோடு கலந்துதான் போகுது. அதாவது, ரோடு அகலமா இருந்த இடத்தில் லேன் கிடைத்தது. நெரிசல் அதிகமா இருந்த இடத்தில் கிடைக்கவில்லை. இது ஹுப்பள்ளியின் குற்றம் இல்லை, எல்லா ஊரின் விதி. இரண்டாவது, அதே ரோட்டில் பேந்த்ரே என்ற பேரில் தனியார் பஸ்கள் முன்பே ஓடிக்கொண்டிருந்தன. பி.ஆர்.டி. வந்த பிறகு அவங்க பெர்மிட் என்ன ஆகணும் என்பது தகராறு ஆனது. நம்ம கடலூர் ரோட்டை யோசிச்சுப் பாருங்க. புதுச்சேரி அரசு பஸ், தமிழ்நாடு அரசு பஸ், இரண்டு பக்கத்துத் தனியார் பஸ், ரோடும் நடுவில் புதுச்சேரி, தமிழ்நாடு என்று மாறி மாறிப் போகுது. லேன் போட கான்கிரீட் கிடைக்கும். அந்த லேனில் யார் ஓடலாம் என்று இரண்டு அரசும் ஒரே மேஜையில் உட்காரணுமே, அதுதான் கஷ்டம்.

நம்ம ரோடு

அகலக் கணக்கு ஒண்ணு போட்டுடுவோம். நடுவில் பஸ் லேன் இரண்டு, ஒவ்வொன்றும் 3.5 மீட்டர்: 7. ஸ்டேஷன் 3 மீட்டர்: 10. மற்ற வண்டிகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு லேன், 3.25 வீதம்: 13. நடைபாதை பக்கத்துக்கு 2 மீட்டர்: 4. மொத்தம் 27 மீட்டர், வாய்க்கால், கம்பம், தடுப்பு எல்லாம் சேர்க்காமலே. தாண்டு லேன் வேணும்னா இன்னும் 7 சேருங்க. முருங்கப்பாக்கத்திலும் அரியாங்குப்பம் கடைத்தெருவிலும் ஒரு டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்து பாருங்க. போலீஸ்காரர் கேட்டா சர்வே லேப் என்று சொல்லுங்க.

அதுக்கு மேல ஆறு. அரியாங்குப்பத்தில் ஒரு பாலம், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றின் மேல் ஒரு பாலம். கடைத்தெருவில் கடையை இடிச்சு அகலப்படுத்தலாம். பாலத்தை இடிச்சு அகலப்படுத்த முடியாது, பக்கத்தில் இன்னொண்ணு கட்டணும். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் பக்கம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது தனி லேனில் நிற்கிற பஸ்ஸும் நிற்கத்தான் செய்யும். தவளக்குப்பம் தாண்டித் தெற்கே போனா ரோடு ஓரளவு திறந்துடுது. லேன் போட சுலபமான இடம் அது. ஆனா பஸ் அங்கே தாமதமாகறதே இல்லையே!

அதனால் என் கருத்து இது, ஒப்புக்கொள்ளாதவங்க அடுத்த இதழில் மறுத்து எழுதுங்க: கடலூர் ரோட்டுக்கு 22 கிலோமீட்டர் தனிப் பாதை தேவையில்லை. பஸ் எங்கே மாட்டுதோ அங்கே மட்டும், 200 மீட்டர், 300 மீட்டர் பஸ் லேன் போதும். மரப்பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு, இரண்டு பாலங்களுக்கும் முன்னாடி ஒவ்வொண்ணு. இதற்கு வரிசை தாண்டும் லேன் என்று பேர் வைக்கலாம். பாலம் ஒரு குறுகிய வாய். அதன் வழியா மணிக்கு எத்தனை வண்டி போகுமோ அத்தனைதான் போகும். ஆனா அந்த வாய்க்குள் யார் முதலில் நுழையறாங்க என்பதை நாம மாத்தலாம். 60 பேரோட நிற்கிற பஸ் வரிசையின் வாலில் நிற்காமல் தலைக்கு வந்துடும். பின்னால் நிற்கிற காருக்கு அதனால் ஆகிற கூடுதல் தாமதம் அந்த ஒரு பஸ் தாண்டுற நேரம், சில வினாடி. பஸ்ஸுக்கு மிச்சம் சில நிமிஷம். கூடவே பெரிய ஸ்டாப்புகளில் உயரப் பிளாட்பாரம், முன்கூட்டியே டிக்கெட்.

இதைவிட முக்கியமான ஒண்ணு, பூரணாங்குப்பம்காரங்களுக்கு. எங்க ஊர் மெயின் ரோட்டில் இல்லை. தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து கிழக்கே, கடல் பக்கம் திரும்பி உள்ளே வரணும். அகமதாபாத் ஆரம்பத்தில் செய்த மாதிரி மூடிய முறையில் பி.ஆர்.டி. போட்டால், அதாவது பாதைக்குள் ஓடுற பஸ் வெளியே வராது, வெளியே ஓடுற பஸ் உள்ளே போகாது என்றால், நாங்க எல்லாரும் தவளக்குப்பத்தில் இறங்கி மாறணும். நடுவில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் பஸ்ஸின் கதவு வலது பக்கம் இருக்கணும். கிராமத்து ஸ்டாப்புக்கு இடது பக்கம் இருக்கணும். வலது கதவு மட்டும் உள்ள பஸ் பூரணாங்குப்பத்துக்குள் வந்தால் ஆளை நடு ரோட்டில்தான் இறக்கும். திட்ட அறிக்கையில் "ஊட்டு பஸ் மூலம் இணைக்கப்படும்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை நிமிஷக் காத்திருப்பு ஒளிஞ்சிருக்கு என்று இப்போ உங்களுக்கே தெரியும். மெயின் ரோட்டில் நாலு நிமிஷம் மிச்சம் பண்ணி, சந்திப்பில் பதினைந்து நிமிஷம் நிற்க வெச்சா யாருக்கு லாபம்? மெயின் ரோட்டு மேலேயே வீடு இருக்கிறவங்களுக்கு. பாகூர் பக்கத்து உள் ஊர்களுக்கும் இதே கதைதான். திறந்த முறை என்றால் கிராமத்தில் கிளம்பின பஸ்ஸே பாலத்துக்கு முன்னாடி அந்த வரிசை தாண்டும் லேனில் ஏறி பாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். மாற வேண்டாம். போட்டோவுக்கு அழகா இருக்காது, அவ்வளவுதான்.

இப்போ அந்த 34. முருங்கப்பாக்கத்தில் காலை 7.30 முதல் 9.30 வரை, பாண்டி போகிற திசையில் மணிக்கு எத்தனை பஸ் போகுது? டவுன் பஸ், வெளியூர் பஸ், காலேஜ் பஸ், கம்பெனி பஸ் எல்லாம் சேர்த்து. 34ஐத் தாண்டினால், அங்கே ஒரு முழு லேனையே கேட்க நமக்கு நியாயம் இருக்கு. தாண்டவில்லை என்றால் முதலில் பஸ்ஸைக் கேட்கணும், லேனை அப்புறம் கேட்கலாம். இரண்டு பேர், ஒரு நாள் காலை, ஒரு கிளிப் அட்டை போதும். தாளை 15 நிமிஷக் கட்டமா பிரிச்சுக்கோங்க. ஓடுற பஸ்ஸில் தலை எண்ண முடியாது; அதனால் ஐந்து குறியீடு வையுங்க: பாதி சீட்டு காலி, சீட்டு நிறைஞ்சது, சிலர் நிற்கிறாங்க, நெரிசல், படியில் தொங்கல். ஒவ்வொரு குறிக்கும் எத்தனை பேர் என்று முன்கூட்டியே நின்றுகொண்டிருக்கும் பஸ் ஒன்றில் எண்ணிச் சரிபார்த்துக்கோங்க. கார், டூ வீலரில் எத்தனை பேர் என்பதை ஐந்து வண்டிக்கு ஒண்ணு என்று மாதிரி எடுத்தால் போதும். நான் போட்ட ஒன்றரை தப்பா இருக்கலாம், 60 தப்பா இருக்கலாம்; உங்க எண் வந்தால் 34ம் மாறும்.

மூணாவது ஆள் கிடைச்சா, தவளக்குப்பம் சந்திப்பில் நிறுத்துங்க. அங்கே இறங்கி கிழக்குப் பக்கம் நடக்கிறவங்க எத்தனை பேர், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவங்க எத்தனை பேர், எத்தனை நிமிஷம் நிற்கிறாங்க என்று எழுதச் சொல்லுங்க. வழக்கமான போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாளில் அதுக்குக் கட்டம் இருக்காது. ஸ்கேல் வெச்சு நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க.